ஏழு வாரக் கெடு

நாய்க்கு எஜமான், பூனைக்கு வீடு என்று ஒரு கணக்கு உண்டு. வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் நாயை வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். பூனையை விட்டுவிட்டுப் போவார்கள். 'அது இந்த வீட்டோடு சேர்ந்தது' என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சமாதானத்தின் சந்ததிகள்தாம் நம் ஊர்ச் சந்துகளிலும் விறகு அட்டிகளிலும் வாழ்கிற பூனைகள். தாயோ பாட்டியோ யார் மடியிலாவது உறங்கியிருக்கும். குட்டியானால் மனிதனின் நிழலைக் கண்டதும் காதை மடக்கிக்கொண்டு சீறுகிறது. நடுவே கழிந்த காலம் என்று பார்த்தால் ஒரு வருஷம்கூட இராது.

இதைக் காட்டுப் பூனை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அசல் காட்டுப் பூனை வேறு ஜாதி. நீண்ட கால், காது நுனியில் ஒரு குஞ்சம், கறுப்பு வளையம் போட்ட குட்டை வால்; கொங்குச் சீமையின் கரும்புத் தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் அது இன்னும் இருக்கிறது. கரும்பு வெட்டும்போது அதன் குட்டிகள் அகப்பட்டால் தொடாமல் அங்கேயே விட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் தாய் வந்து எடுத்துப் போகும். வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

நமது வீட்டுப் பூனை, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப் பூனை ஒன்றின் வாரிசு. மனிதன் தானியம் சேர்த்தான்; தானியத்துக்கு எலி வந்தது; எலிக்குப் பூனை வந்தது. யாரும் வலை போட்டுப் பிடித்து வரவில்லை. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய ஒரு சமாதியில் மனித எலும்புக்கூட்டின் பக்கத்தில் பூனையின் எலும்புக்கூட்டையும் கண்டெடுத்திருக்கிறார்கள். 2004-இல் அந்தச் செய்தி வெளியாயிற்று. அத்தனை காலப் பழக்கம்!

நம் சங்கப் புலவர்கள் காட்டுப் பூனையை வெருகு என்றார்கள். குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில், விடியற்காலையில் கூவித் தன் தூக்கத்தைக் கெடுத்த சேவலை ஒரு பெண் சபிக்கிறாள்: நடுச்சாமத்தில் வீட்டு எலிக்குக் காத்திருக்கும் வெருகுக் குட்டிக்கு நீ இரையாகிப் போ என்று. வீட்டு எலிக்கு வெருகுக் குட்டி காவல் இருந்தது என்றால், அது காட்டுப் பிராணியா, வீட்டுப் பிராணியா? இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை அன்றைக்கே இருந்திருக்கிறது போலும்.

அந்தத் திண்ணையில் நான் உட்கார நேர்ந்தது மதுக்கரையில். கோயமுத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர். சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலையும் தர்மலிங்கேசுவரர் மலையும் அதன் அடையாளங்கள். ஆடி மாதம் வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஓட்டையும் தூக்கும், ஆளையும் தூக்கும். அடுத்த வீட்டு அம்மாள், தெருவில் எல்லோருக்கும் ஆத்தா. அவர்கள் மாடு கன்று வைத்திருந்த காலத்துத் தொண்டுபட்டி இப்போது வெறும் விறகு போடும் கொட்டகை. சித்திரைக் கடைசியில் அந்த விறகுக்கு அடியில் நான்கு குட்டிகள் இருப்பதை ஆத்தாவின் பேத்தி கண்டுபிடித்தாள். ஒன்பது வயசுப் பெண்; பூனைக்குட்டியைக் கண்ட சந்தோஷத்தில் தெரு முழுவதும் தண்டோராப் போட்டுவிட்டாள்.

சந்தோஷத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான். ஆத்தாவின் மகன் கொட்டகையைப் பிரித்துவிட்டு அறை கட்டுவதாக இருந்தார். வைகாசி பத்தாம் தேதிக்குக் கொத்தனார் வருகிறார். ''ஒரு சாக்குல போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்தாத் தீந்துது'' என்றார். அவர் கொடுமைக்காரர் அல்ல. நம் ஊர்களில் பூனைக்குட்டிப் பிரச்னைக்கு வழி வழியாக வந்த தீர்வு அந்தச் சாக்குத்தான். சந்தையில் மீன் கடை இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். மீன் கடைக்கு நாய்களும் வருகின்றன என்பதை யாரும் நினைப்பதில்லை.

கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மாட்டு வைத்தியம்தான் அவர் தொழில். பூனை, ஓய்வு பெற்ற பிறகு வந்த பைத்தியம். அவரைக் கூட்டி வந்தேன். விறகு இடுக்கில் டார்ச் அடித்து வெகு நேரம் பார்த்தார்.

''ஏனுங்க, கண்ணு இன்னும் நீலமா இருக்குது. காது நிமிந்திருச்சு, ஓட்டமும் வந்திருச்சு. அஞ்சு வாரம் வெச்சுக்கலாமுங்க. இன்னும் ரெண்டு வாரந்தான் கெடு'' என்றார்.

எதற்குக் கெடு என்று கேட்டேன். அவர் சொன்ன கதை இது. பூனைக்குட்டி பிறந்து ஒன்றரை வாரத்தில் கண் திறக்கிறது. மூன்றாவது வாரம் தள்ளாடி நடக்கிறது. நாலாவது வாரம் ஓடுகிறது, சீறவும் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையில் அதன் மனசுக்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் யார் யார் உள்ளே வருகிறார்களோ அவர்களெல்லாம் உறவு. கதவு சாத்திய பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அன்னியர்கள். 1980-களில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டெம்பிள் சர்வகலாசாலையில் ஐலீன் கார்ஷ் என்ற அம்மையார் இதை நிறுத்துப் பார்த்தார். சில குட்டிகளை மூன்றாவது வாரத்திலிருந்து தினமும் கையில் எடுத்தார்; சிலவற்றை ஏழாவது வாரத்திலிருந்து; சிலவற்றைப் பதினாலு வாரம் வரையில் தொடவே இல்லை. முதல் கூட்டம் மனிதனிடம் ஓடி வந்தது. கடைசிக் கூட்டம் ஒதுங்கி நின்றது. தினம் கால் மணி நேரம் எடுத்த குட்டியைவிட நாற்பது நிமிஷம் எடுத்த குட்டி அதிகமாக ஒட்டிக்கொண்டது என்பதும் அவர் கண்டது.

''அப்படியானால் நாளைக்கே எடுத்துவிடலாம்'' என்றேன்.

''எடுத்துரலாமுங்க. ஆனா, பழக்கிப்போட்டு அப்பறம் சாக்குல போடறதுன்னா, இப்பவே போட்டுருங்க'' என்றார் நண்பர். ''பயந்த குட்டி சந்தையில ஒளிஞ்சு பொழைச்சாலும் பொழைக்கும். பழகின குட்டி நாய்கிட்டயும் ஓடும், லாரிகிட்டயும் ஓடும். அதோட பயத்தைத்தான நாம எடுத்துப்போடறோம்? அதுக்குப் பதிலா ஒரு வீடு குடுக்கோணுமுங்க.''

இதைக் கேட்டபோது ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சற்றுக் கழித்து மகனைப் பார்த்து, ''கொத்தனாரைப் பதினைஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லு'' என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் விவாதம் கிடையாது.

மறுநாள் விடிவதற்குள் நான்கு மூன்றாகியிருந்தது. தாய்ப்பூனைக்கு டார்ச் வெளிச்சம் பிடிக்கவில்லை. இரவோடு இரவாக இடம் மாற்ற ஆரம்பித்து, மூன்று நிறமும் கலந்த குட்டி ஒன்றைக் கவ்விக்கொண்டு ரயில் கரைப் பக்கம் போய்விட்டது. மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான். ஆகையால் போனது பெண் குட்டி. வைஷ்ணவர்கள் மார்ஜார நியாயம் என்று சொல்வார்களே, அது நினைவுக்கு வந்தது. குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும். சரணாகதிக்குத் தென்கலையார் காட்டும் உவமை இது. ஆனால் கவ்விக்கொண்டு போகிற இடம் எது என்பது குட்டிக்குத் தெரியாது. அந்தத் தாய் நல்லதென்று நினைத்த இடத்துக்குக் கொண்டுபோயிற்று. நாங்கள் நல்லதென்று நினைத்ததை மற்ற மூன்றுக்கும் செய்தோம்.

நண்பர் கெட்டித் துண்டைப் போட்டு மூன்றையும் எடுத்தார். இரண்டு கறுப்பு வெள்ளை, ஒன்று செவலை. காய்கறித் தராசில் நிறுத்தபோது ஒவ்வொன்றும் அரைக் கிலோவை ஒட்டி இருந்தது. எடுத்த எடுப்பில் செவலை, பேத்தியின் விரலைக் கடித்துவிட்டது. 'பூனைக்குட்டிதானே' என்று மஞ்சள் வைக்கப் போனார்கள். நண்பர் விடவில்லை. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவச் சொல்லி, அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வெறிநோய் நாயோடு முடிகிற சமாசாரம் அல்ல. பூனைக் கடியாலும் வரும், வந்தால் பிழைப்பு இல்லை. நமக்கு மேலே குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் ஏற்பட்டதே இந்த நோய்க்காகத்தான். பேத்தி எல்லா ஊசியையும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டாள். குட்டியின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ''அதுக்கு என்னைத் தெரியாதில்லீங்க மாமா'' என்றாள்.

அதன் பிறகு பதினைந்து நாள் நடந்ததைப் பாடமாகவே சொல்லிவிடலாம், யாருக்காவது உதவும்.

முதலாவது, இடம் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய அறையில் விட்டால் குட்டி பீரோவுக்குப் பின்னால் போய்விடும்; பிறகு அது நம்மிடம் பழகாது, பீரோவிடம்தான் பழகும். ஆத்தா வீட்டில் பழைய கோழிக்கூடு ஒன்றைக் கழுவி, அடியில் சாக்கு விரித்து, ஒரு மூலையில் மணல் தட்டு வைத்தோம். மணலைத் தேடிப் போவது அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கூட்டை ஆளரவம் இல்லாத இடத்தில் வைக்காமல், ஆசாரத்தின் ஓரமாக வைத்தோம். அம்மிச் சத்தம், மிக்ஸிச் சத்தம், டெலிவிஷன் அழுகை எல்லாம் காதில் விழ வேண்டும். வீடு என்பது இவ்வளவுதான் என்று அது தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, சாப்பாடு. பசும்பால் கொடுப்பது நம் வழக்கம். பல குட்டிகளுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். ஐந்து வாரக் குட்டிக்கு உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்து மசித்த கோழிக்கறியும் ஈரலும் போதும், பக்கத்தில் தண்ணீர். ஆனால் வட்டிலில் வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. ஒரு நீளக் கரண்டியின் நுனியில் நீட்ட வேண்டும். முதல் நாள் கரண்டியைச் சீறும். இரண்டாம் நாள் கரண்டியை நக்கும். பிறகு கரண்டியின் காம்பை நாளுக்கு நாள் குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் விரலில் தர வேண்டும். சோறு எங்கிருந்து வருகிறது என்பதில் அதற்குச் சந்தேகம் இருக்கக் கூடாது.

மூன்றாவது, கண். நாம் ஆசையாகத்தான் உற்றுப் பார்க்கிறோம். பூனையின் பாஷையில் அது சண்டைக்கு அழைப்பது. தரையில் உட்கார்ந்து, பாதி திரும்பி, கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறக்க வேண்டும். இது ஏதோ வசியம் அல்ல. இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் சர்வகலாசாலையார் 2020-இல் சோதித்துப் பார்த்து, அப்படிக் கண் மூடித் திறக்கிறவரிடம் பூனையும் கண் மூடித் திறந்து பதில் சொல்கிறது, கிட்டவும் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பேத்தி இதில் வெகு சீக்கிரம் தேறிவிட்டாள். என் போன்றவர்களுக்குப் பகலில் கண்ணை மூடினால் திறப்பதுதான் சிரமம்.

நான்காவது, பிரிப்பது. மூன்றும் ஒன்றாக இருக்கும் வரையில் ஒன்றின் பயம் மற்றதற்குத் தொற்றுகிறது. தைரியசாலியான குட்டிகூடக் கோழை அண்ணனைப் பார்த்துப் பின்வாங்குகிறது. ஆகையால் பகலில் சிறிது நேரம் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்து, முகத்துக்கு நேரே கையைக் கொண்டுபோகாமல் பின்னாலிருந்து தலையையும் தாடையையும் தடவினோம். ஒரு கறுப்பு வெள்ளை ஐந்தாம் நாளே தொண்டைக்குள் ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்னொன்று ஒரு வாரம் பொறுத்தது. செவலை பதினோராம் நாள் வரையில் சீறியது. பன்னிரண்டாம் நாள் பேத்தி குச்சியில் கட்டி ஆட்டிய கயிற்றைத் துரத்திக்கொண்டு வந்து, தன்னை மறந்து அவள் பாவாடை மேல் ஏறி, அங்கேயே களைத்துத் தூங்கிப்போயிற்று. அவள் ஒரு மணி நேரம் கால் மரத்துப்போக அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணி சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியும் ஆத்தா அவளைக் கூப்பிடவில்லை.

பிறகு வீடு தேடும் படலம். மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பது போல் பூனை கேட்டவர்களை ஆத்தா பார்த்தார். ''எலி புடிக்கோணும்'' என்றவருக்குச் சரி என்றார். ''குழந்தை வெளையாடறதுக்கு'' என்றவரிடம், குழந்தைக்கு விளையாட்டு அலுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவருக்குப் பதில் இல்லை, குட்டியும் இல்லை. கறுப்பு வெள்ளை இரண்டும் ஜோடியாக எட்டிமடைப் பக்கத்து ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போயின. செவலை ஆத்தா வீட்டிலேயே தங்கிவிட்டது. அது எப்போது தீர்மானமாயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஆத்தாவைக் கேட்டால், ''அம்மிணியைக் கடிச்சதில்ல, ஊசி முடியற வரைக்கும் கண்ணு முன்னால இருக்கட்டும்னு வெச்சனுங்க'' என்பார். ஊசி முடிந்து வெகு நாளாகிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டிருப்போம். ஆடிக் காற்று ஆரம்பித்த பிறகு தாய்ப்பூனை திரும்பி வந்தது. பின்னாலேயே அந்த மூன்று நிறக் குட்டியும் வந்தது. கணக்குப் பார்த்தால் அதற்குப் பதினாலு வாரம் இருக்கும். பிலடெல்பியாவில் பல குட்டிகளை வைத்துச் செய்த சோதனையை மதுக்கரையில் ஒரு ரயில் கரை செய்து கொடுத்துவிட்டது. ஒரே தாய், ஒரே பால், ஒரே விறகு அட்டி. செவலை ஆத்தாவின் கால்மாட்டில் மல்லாந்து கிடக்கும். அதன் தங்கை மதில்மேல் நின்றுகொண்டு, ஆத்தா கையைத் தூக்கினால் பறந்துவிடும். கரண்டியும் கண்ணிமைப்பும் கயிறும் அதனிடம் செல்லவில்லை. ஒரு மாதம் பார்த்தோம். வட்டிலுக்கு வரும், நாங்கள் எட்டடி தள்ளி இருந்தால்தான் வாய் வைக்கும்.

பேத்திக்குப் பொறுக்கவில்லை. ''புடிச்சுக் கூண்டுல போட்டுப் பழக்கலாமுங்க மாமா. செவலையும் அப்படித்தான சீறுச்சு?'' என்றாள். கேள்வி நியாயமானதுதான். நான் நண்பரைப் பார்த்தேன். நண்பர் ஆத்தாவைப் பார்த்தார்.

''வேண்டாம் அம்மிணி'' என்றார் ஆத்தா. ''அந்த மகராசு ஆனையாட்டம் ஆயிரும்.''

மதுக்கரையில் அந்தப் பெயரைச் சொன்னால் விளக்கம் வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். ஊருக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் வந்துகொண்டிருந்த ஒற்றை ஆண் யானை ஒன்றுக்கு மகாராஜ் என்று பெயர். 2016 ஜூன் மாதம் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ஆனைமலையில் வரகளியாறு முகாமுக்குக் கொண்டுபோய் மரக்கூண்டில் அடைத்தார்கள். சில நாட்களுக்குள் அது கூண்டிலேயே இறந்துவிட்டது. யானை எங்கே, பூனை எங்கே என்று கேட்கலாம். ஆத்தாவுக்கு அளவு முக்கியமில்லை.

நண்பர் பேத்திக்கு வேறு விதமாகச் சொன்னார். பழக்குவது ஒன்று, அடக்குவது ஒன்று. கதவு திறந்திருக்கிற போது உள்ளே போவது பழக்குவது. சாத்திய கதவை உடைத்தால் வீடுதான் பாழாகும். மூன்று நாலு மாசம் ஆன குட்டிகளிலும் சில, மாதக்கணக்கில் பொறுமையாக இருந்தால் ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ளும்; சில ஒட்டவே ஒட்டாது. அதனால் அவற்றைக் கைவிட வேண்டுமென்று அர்த்தமில்லை. சாப்பாடு வேண்டும், ஒதுங்க இடம் வேண்டும், வருஷா வருஷம் விறகுக்கு அடியில் நான்கு குட்டி பிறக்காமல் இருக்க ஒரு வழி வேண்டும்.

அந்த வழியையும் அவரே செய்தார். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடியும் சினையாகிவிடக்கூடிய ஜாதி. சாக்கு ஓயாததற்குக் காரணம் அதுதான். கம்பிப் பொறிக்கூண்டில் கருவாடு வைத்துத் தாயையும், பருவம் வந்தபோது மகளையும் பிடித்து, கோயமுத்தூரில் ஒரு கால்நடை வைத்தியரிடம் கருத்தடை ஆபரேஷன் செய்து, காயம் ஆறியதும் அதே கொட்டகை இருந்த இடத்தில் திறந்துவிட்டோம். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு சிறு வெட்டு. கூண்டுக் கதவு திறந்ததும் மூன்று நிறக்காரி அம்பு மாதிரி பாய்ந்தாள். ரயில் கரைக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம்.

அந்த ரயில் கரை நினைவு எனக்கு இரண்டு நாள் உறக்கத்தைக் கெடுத்தது. மதுக்கரைக்கும் வாளையாற்றுக்கும் நடுவே ரயிலில் அடிபட்டு யானைகளே செத்திருக்கின்றன. யானை பாதைக்கு வந்தால் கண்டுபிடித்து எச்சரிக்க 2024 பிப்ரவரியில் காமிராக் கோபுரங்கள் நிறுவினார்கள். யந்திர மூளை ராப்பகலாகப் பார்த்துச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. பூனைக்கு அந்தக் காமிரா இல்லை. அதற்கு இருக்கிற ஒரே காமிரா அதன் பயம். அது மூன்று நிறக்காரியிடம் முழுசாக இருந்தது. செவலையிடமிருந்து நாங்கள் அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஆசாரத்தையும் ஆத்தாவின் கால்மாட்டையும் கொடுத்தோம். இவளிடமிருந்து ஒன்றும் வாங்கவில்லை. ஆகையால் எங்களுக்கும் அவளிடம் கேட்க ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் பொழுதோடு மதில்மேல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது புது அறை கட்டி முடிந்துவிட்டது. மகன், தாமாகவே, அதன் பின்புறத்து எரவாரத்துக்கு அடியில் நாலு செங்கல்லும் ஒரு பலகைக் கல்லும் வைத்து மழைக்கு ஒதுங்க ஒரு பொந்து கட்டியிருக்கிறார். கேட்டால், கல் மீந்து போயிற்று என்கிறார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆத்தா வட்டிலைக் கொண்டுபோய் அந்தப் பொந்தின் முன்னால் வைப்பார். செவலை கூடவே போகும். அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். மதிலில் இருக்கிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நின்று பார்க்கவும் மாட்டார். ''சோறு வெச்சிருக்குது சாமி'' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிடுவார். வட்டில் கல்லில் உரசும் சத்தம் கேட்கிற வரையில் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.